ஐந்து ஆண்டில் ஓர் ஆண்டு எங்கே போகிறது?

முதலில் ஒரு சின்னக் கணக்கு. எங்கள் இலங்கையில் ஒரு பாடசாலை ஆண்டு என்பது ஏறக்குறைய 200 நாள். தவணைக் கூட்டத்துக்கு வரும் பெற்றாரிடம் "உங்கட பிள்ளையின் வரவு 80 வீதம்" என்று சொல்லிப் பாருங்கள், அநேகமானவர்களின் முகம் மலர்ந்துவிடும். கணிதத்தில் 80 எடுத்தால் நல்ல புள்ளி, உயர்தரப் பரீட்சைக்குத் தோற்றவும் 80 வீத வரவு இருந்தால் போதும் என்று எல்லாருக்கும் தெரியும், அந்தப் பழக்கத்தில்தான் இதையும் கேட்கிறார்கள். ஆனால் 80 வீதம் என்றால் 40 நாள் பிள்ளை வகுப்பில் இல்லை. 40 நாள் என்பது எட்டுப் பாடசாலை வாரம். தரம் 1 இலிருந்து தரம் 5 வரை இதே மாதிரிப் போனால் 200 நாள், அதாவது ஆரம்பப் பிரிவின் ஐந்து ஆண்டில் ஒரு முழு ஆண்டு கழன்று விழுந்துவிட்டது. இடைவிலகிய பிள்ளை என்று அதன் பெயர் எந்தப் பட்டியலிலும் வராது, யாரும் அதைத் தேடி வீட்டுக்குப் போகமாட்டார்கள், ஆண்டுதோறும் வகுப்பேறிக்கொண்டேதான் இருக்கும்.

நான் திருகோணமலையில் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். வரவு பற்றி, நேரத்துக்கு வருவது பற்றி, கூட்டங்களில் பேசப்படுவது எல்லாம் பெரும்பாலும் ஒழுக்கம் பற்றிய பேச்சாகவே இருக்கிறது: பெற்றாருக்கு அக்கறை இல்லை, பிள்ளைக்குச் சோம்பல், கண்டிப்பு போதாது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆறு வயதுப் பிள்ளை தன் பாட்டில் பிந்துவதில்லை. யாரோ எழுப்ப வேண்டும், யாரோ தண்ணீர் வார்க்க வேண்டும், யாரோ கையைப் பிடித்துக் கூட்டிவர வேண்டும். அந்த யாரோ ஒருவரின் காலை எப்படிப் போகிறது என்று பார்க்காமல் பிள்ளையை வெயிலில் நிறுத்தி வைப்பதில் ஒரு பிரயோசனமும் இல்லை.

தரம் 1 தானே, விளையாட்டும் பாட்டும்தானே, ஒரு நாள் போகாவிட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். விளையாட்டுத்தான், உண்மை. முதன்மை நிலை 1 என்று சொல்லப்படும் தரம் 1, 2 இன் பாடத்திட்டமே விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை மூன்றையும் சேர்த்துத்தான் அமைந்திருக்கிறது. ஆனால் எழுத்து அந்த விளையாட்டுக்குள்ளேதான் வருகிறது. தமிழ் எழுத்து 247 என்றாலும் பிள்ளை 247 ஐயும் தனித்தனியே பாடமாக்குவதில்லை, 12 உயிரும் 18 மெய்யும் சேரும் முறையைத்தான் பிடித்துக்கொள்கிறது, அதனால் ஒன்றின் மேல்தான் அடுத்தது ஏறி நிற்கிறது. கெ, கே சொல்லிக்கொடுக்கும் வாரத்தில் ஒரு பிள்ளை காய்ச்சலிலோ திருவிழாவிலோ வீட்டில் நின்றுவிட்டது என்று வையுங்கள். அடுத்து வருவது கொ, கோ. அதே கொம்பும் சுழித்த கொம்பும்தான், பின்னால் ஒரு அரவு (ா) சேர்கிறது, அவ்வளவுதான். மற்றப் பிள்ளைகளுக்கு அது ஒரு சின்னப் படி, இந்தப் பிள்ளைக்குச் சுவர். எனக்குத் தெரிந்த ஒரு பையன் கொப்பியில் "மழை பேய்கிறது" என்று எழுதினான், பக்கத்துப் பிள்ளை அதை உரக்க வாசித்துவிட்டது, வகுப்பே சிரித்தது. அடுத்த வாரம் முழுக்க அவனுக்குக் காலையில் வயிற்றுவலி. வீட்டில் பொய் என்று நினைத்தார்கள், பொய்யே இல்லை, பயம் வந்தால் அந்த வயதில் வயிறுதான் நோகும். வராததால் விட்டுப்போனது, விட்டுப்போனதால் வெட்கம், வெட்கத்தால் வயிற்றுவலி, வயிற்றுவலியால் மறுபடி வரவில்லை. இது ஒருமுறை சுழலத் தொடங்கினால் தரம் 3 வரும்போது அந்தப் பிள்ளையை "மெல்லக் கற்கும் பிள்ளை" என்று ஒதுக்கி வைத்துவிடுவோம்.

பிந்தி வருவதும் இதே மாதிரித்தான், கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். 7.30 க்கு மணி. ஒரு பிள்ளை நாளுக்குப் 10 நிமிடம் பிந்தினால் ஆண்டுக்கு 2000 நிமிடம், 33 மணித்தியாலத்துக்கு மேல். ஆரம்பப் பிரிவுப் பிள்ளைக்கு நாளுக்கு ஐந்து மணித்தியாலம் என்று வைத்தாலும் ஆறு ஏழு பாடசாலை நாள். சரி, ஏழு நாள்தானே என்று விட முடியாது, ஏனென்றால் போவது எப்போதும் நாளின் தொடக்கம். தலை தெளிவாக இருக்கும் நேரம் என்று அநேகமான ஆசிரியர்கள் தமிழையும் கணிதத்தையும் காலையில்தான் வைத்துக்கொள்கிறோம். பிந்தி வரும் பிள்ளை ஆண்டு முழுக்க அந்த விளக்கத்தின் தலைப்பகுதியைக் கேட்காமலே இருக்கிறது. உள்ளே வந்து பாக்கை வைத்து, பக்கத்துப் பிள்ளையிடம் "என்ன செய்யிறீங்க" என்று கேட்டு, அதுவும் தன் வேலையை விட்டுத் திரும்பி, இப்படி இரண்டு பேருக்கும் கைவிட்டுப் போகிறது.

இதற்கு நாங்கள் கண்டுபிடித்த மருந்துதான் கேற்றைப் பூட்டுவது. சில ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு பாடசாலையில் 7.40 ஆனால் பூட்டு விழும். அதற்குப் பிறகு வந்தால் பெற்றாரோடு வந்து அதிபரைக் காண வேண்டும், இல்லாவிட்டால் திரும்பிப் போக வேண்டும். அப்போது எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. ஒருநாள் அரைநாள் லீவில் கடற்கரைப் பக்கமாக நடந்து போய்க்கொண்டிருந்தேன், நேரம் எட்டேகால் இருக்கும். எங்கள் நகரத்தில் புள்ளிமான்கள் தெருவிலும் கடற்கரையிலும் சாதாரணமாக மேயும், உங்களுக்குத் தெரியும். மரத்தடியில் நின்ற மான்களுக்கு ஒரு சின்னப் பிள்ளை, வெள்ளைச் சீருடை, ரிப்பன் கட்டிய பின்னல், முதுகில் பாக், சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து பாணைப் பிய்த்துப் பிய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். தரம் 2. எங்கள் பிள்ளை.

"ஏன் மகள் இங்க நிக்கிறீங்க?"

"பிந்திட்டுது டீச்சர். கேற் பூட்டிட்டாங்க."

"அப்ப வீட்ட போகேல்லையா?"

"வீட்ட ஆரும் இல்ல டீச்சர். அம்மா மீன் எடுக்கப் போயிட்டா. ஒன்றரைக்குத்தான் வருவா."

ஏழு வயதுப் பிள்ளை, கடற்கரையில் தனியாக, இன்னும் ஐந்து மணித்தியாலம். வகுப்பு இடாப்பில் அன்றைக்கு அவளுக்கு ஒரு 0. நேரத்துக்கு வரப் பழக்குவதற்கென்று வைத்த விதி, 12 நிமிட இழப்பை ஒரு முழு நாள் இழப்பாக மாற்றிவிட்டது, அதோடு அந்தப் பிள்ளைக்கு என்னவும் நடந்திருக்கலாம். அன்றிலிருந்து என் நிலைப்பாடு ஒன்றுதான்: எவ்வளவு பிந்தினாலும் பிள்ளை உள்ளே வர வேண்டும். கேற்றில் ஒரு கொப்பி இருக்கட்டும், பெயர், நேரம், ஏன் என்று மூன்று நிரல். பேசவேண்டியதைப் பெரியவர்களோடு பிறகு பேசிக்கொள்ளலாம். வீட்டில் சொல்ல வேண்டியதும் அதுதான், "பிந்திட்டுது, இண்டைக்கு நில்லு" என்ற சொல்லே எழக்கூடாது.

அந்த "ஏன்" நிரலை ஒரு மாதம் எழுதிப் பாருங்கள், திருகோணமலை மாவட்டத்தின் பாதி வாழ்க்கை அதில் தெரியும். திருக்கடலூர், பள்ளத்தோட்டம் பக்கத்துப் பிள்ளை என்றால் விடியற்புறம் படகு கரைக்கு வரும் நேரமும் பாடசாலைக்கு வெளிக்கிடும் நேரமும் ஒன்று, தாய் மீனுக்குப் போய்விடுவா, மூத்ததுதான் சின்னதை வெளிக்கிடுத்த வேண்டும், அந்த மூத்ததுக்கு வயது ஒன்பது. கிழக்குக் கடல் அமைதியாக இருக்கும் மாதங்களில் குச்சவெளி, புல்மோட்டைப் பக்கம் வாடி (கடற்கரைத் தற்காலிகக் குடில்) போட்டுத் தங்கும் குடும்பங்கள் உண்டு, அந்தப் பிள்ளைகள் வாரக்கணக்கில் வராது. கந்தளாய், தம்பலகாமம், வெருகல் பக்கங்களில் யானைப் பயம். விடிந்து வெளிச்சம் வந்து ஆள் நடமாட்டம் தெரிந்த பிறகுதான் பிள்ளையை வெளியே விட முடியும், அந்தத் தாயிடம் போய் 7.30 க்கு ஏன் வரவில்லை என்று கேட்க எனக்கு வாய் வராது. மாரி வந்தால் மகாவலி பெருகி வெருகல் பக்கம் பாதைகள் தண்ணீருக்குள் போய்விடும்.

கிண்ணியாக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையே இல்லை. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் வரைக்கும் துறையில் படகுக்குக் காத்து நின்றுதான் நகரத்துக்கு வந்தார்கள். அது முடிந்தது என்று மூச்சுவிட்ட இடத்தில், 2021 நவம்பர் 23 ஆம் திகதி காலை, பாலம் வேலை நடந்துகொண்டிருந்த குறிஞ்சாக்கேணியில் மாற்றுப் போக்குவரத்தாக ஓடிய இழுவைப்படகு கவிழ்ந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போக ஏறிய பிள்ளைகளும் அதில் உயிரிழந்தார்கள். வரவு பற்றி எழுதும் எவரும் அந்தக் காலையை மறந்துவிட்டு எழுதக்கூடாது என்று நினைக்கிறேன். 1945 இலிருந்து இலவசக் கல்வி, 1980 இலிருந்து இலவசப் பாடநூல், 1993 இலிருந்து இலவசச் சீருடைத் துணி, எல்லாம் வந்தன. அவற்றை வாங்கிக்கொள்ளப் பிள்ளை முதலில் பத்திரமாகக் கேற்றடிக்கு வந்து சேர வேண்டும்.

அப்புறம் வெளிநாட்டில் இருக்கும் தாய்மார். மூதூர், கிண்ணியா, ஈச்சிலம்பற்று என்று எங்கே போனாலும் மத்திய கிழக்கில் வீட்டு வேலைக்குப் போன தாயின் பிள்ளை ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கும். அம்மம்மாதான் வளர்க்கிறா. அவவுக்கு முழங்கால் நோவு, கண் பார்வை குறைவு, போனில் வரும் செய்தியை வாசிக்க முடியாது. பிள்ளை "தலையிடி" என்றால் அவவால் மறுத்துச் சொல்ல முடியாது, தாய் இல்லாத பிள்ளை என்ற இரக்கம் வேறு. அப்படியான வீட்டுக்குக் கடிதம் அனுப்பினால் அது பிள்ளையின் பாக்கிலேயே கிடந்து கசங்கும். யாராவது நேரே போய்த் திண்ணையில் இருந்து கதைக்க வேண்டும், வேறு வழி இல்லை.

நோய் பற்றி ஒரு சொல். காய்ச்சல் பிள்ளையை அனுப்பாதீர்கள். 2017 இல் கிண்ணியாவில் டெங்கு பரவியபோது பாடசாலைகளையே மூட வேண்டி வந்தது, அந்த ஊருக்கு இது தெரியும். அம்மாள் வருத்தம் வந்தால் தண்ணீர் வார்க்கும் வரைக்கும் வீட்டில் வைத்திருப்பதும் சரிதான், மற்றப் பிள்ளைகளுக்குத் தொற்றாமல் இருக்கும். நான் சொல்வது மற்ற நாட்களை: இரவுத் திருவிழாவுக்கு அடுத்த நாள், சொந்தக்காரர் வீட்டுக் கலியாணத்துக்கு முதல்நாளும் அடுத்த நாளும், மழை இருட்டியிருக்கு என்று ஒரு நாள், வெள்ளிக்கிழமை, போயா விடுமுறைக்கு முதல்நாள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும், தயங்காமல் சொல்கிறேன். தரம் 5 இல் சில பெண் பிள்ளைகள் பெரியபிள்ளை ஆகிவிடுகிறார்கள், சில வீடுகளில் தண்ணீர் வார்த்துச் சடங்கு முடியும் வரைக்கும் வாரக்கணக்கில் பாடசாலைக்கு விடுவதில்லை. சடங்கைச் செய்யுங்கள், சந்தோசமாகச் செய்யுங்கள். நாளைச் சனி ஞாயிறிலோ விடுமுறையிலோ வைத்துக்கொண்டு பிள்ளையை ஒரு வாரத்துக்குள் வகுப்புக்கு அனுப்பிவிடலாம், அப்படிச் செய்த அம்மாமார் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பார்கள். 1998 இலிருந்து 5 முதல் 14 வயது வரை பாடசாலைக்கு அனுப்புவது கட்டாயம், 2016 இல் அது 16 வயது வரைக்கும் கூட்டப்பட்டது. இதைக் கவனிக்க ஊர் மட்டத்தில் பாடசாலை வரவுக் குழுக்கள் இருக்க வேண்டும் என்றும் அந்த ஒழுங்குவிதிகளில் உண்டு. பெற்றாரை மிரட்ட இந்தச் சட்டத்தை எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், அது சட்டத்தை வீணாக்குவது. கிராம அலுவலரும் அதிபரும் பெற்றாரும் ஒரே மேசையில் இருந்தால் பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளை, அரசின் அஸ்வெசும உதவிப் பணப் பெயர்ப்பட்டியலில் விடுபட்ட குடும்பம், சப்பாத்து இல்லாததால் நிற்கும் பிள்ளை, எல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். தெரிந்தால்தான் ஏதாவது செய்யலாம்.

பாடசாலையில் என்ன செய்யலாம் என்றால், நான் முதலாவதாகச் சொல்வது அன்றைக்கே கேட்பது. பிள்ளை வரவில்லையா, எட்டரைக்குள் ஒரு வட்ஸ்அப் குரல் செய்தி, எழுத்து வேண்டாம், அம்மம்மாவும் கேட்கக்கூடிய குரல்: "பிள்ளையக் காணேல்ல, சுகமா? வகுப்பில தேடினாங்க." இரண்டாவது வசனம் முக்கியம். "ஏன் அனுப்பேல்ல" என்று தொடங்கினால் அடுத்த நாள் போனை எடுக்கமாட்டார்கள். மூன்று நாள் கழித்துக் கேட்டால் காரணமே மறந்துபோயிருக்கும். அப்புறம் வீதத்தை விட்டுவிட்டு நாளைச் சொல்வது, "இந்தத் தவணை 11 நாள் வரேல்ல" என்று. பெற்றார் அநேகமாக நாலோ ஐந்தோ என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பார்கள், திகதிகளோடு காட்டும்போது அவர்களே அதிர்ந்துபோகிறார்கள்.

ஒழுங்கைக்கு ஒரு பெரிய பிள்ளையைப் பொறுப்பாக விடலாம். தரம் 5 பிள்ளை ஒன்று 7 மணிக்கு வெளிக்கிட்டு, வழியில் இருக்கும் நாலைந்து சின்னதுகளை வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டு வரும், பெருந்தெருவைக் கடக்கிற இடத்தில் ஒரு தாய் நிற்பா. "அண்ணா வாசலில நிக்கிறார்" என்றால் ஆறு வயது எழும்புகிற வேகம் தாய் கூப்பிட்டால் வராது. காசு செலவில்லாத ஏற்பாடு, ஆனால் யாராவது ஒருவர் முதல் இரண்டு வாரம் பின்னால் நின்று பார்த்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் மூன்றாம் நாளே கலைந்துவிடும்.

காலையில் வகுப்பில் பிள்ளைக்கு ஒரு வேலை இருப்பது இன்னொன்று. சரஸ்வதி படத்துக்குப் பூ வைப்பது, மணி அடிப்பது, பூஞ்செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, இவற்றை வழக்கமாகக் கெட்டிக்காரப் பிள்ளைக்குக் கொடுப்போம். பிந்தும் பிள்ளைக்குக் கொடுத்துப் பாருங்கள். நான் பூ வைக்கும் வேலையைக் கொடுத்த பிள்ளை ஒன்று, முதல்நாள் பின்னேரமே செவ்வரத்தை மொட்டு ஆய்ந்து தண்ணீரில் போட்டு வைத்துவிட்டுத்தான் படுக்கும். காலையில் 7.15 க்கு வகுப்புக் கதவடியில் நிற்கும், ஈரம் சொட்டும் பையோடு. அதேபோல் முதல் பத்து நிமிடத்தைத் தொடர்கதைக்கு விடுவேன், நரி கிணற்றுக்குள் எட்டிப் பார்த்த இடத்தில் நிறுத்திவிட்டால் மிச்சத்தைக் கேட்க நாளைக்கு வந்துதானே ஆக வேண்டும்.

பாடசாலை உணவு பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை, அது வரும் நாளும் வராத நாளும் வகுப்பைப் பார்த்தாலே தெரியும். 2022 இல் டீசலும் இல்லை, அரிசியும் எட்டவில்லை என்ற மாதங்களில் வெறும் வயிற்றோடு வந்து காலைக் கூட்டத்தில் மயங்கி விழுந்த பிள்ளைகளைத் தூக்கிய ஆசிரியர்கள் எத்தனையோ பேர்.

முழு வரவுப் பரிசில் எனக்கு மனம் ஒட்டுவதில்லை. ஒரு நாளும் விடாமல் வந்த பிள்ளைக்குப் பரிசளிப்பு விழாவில் கிண்ணம் கொடுக்கிறோம். நல்லதுதான், ஆனால் அது பெரும்பாலும் பாடசாலைக்குப் பக்கத்தில் வீடு உள்ள, வருத்தம் வராத, காலையில் கொண்டுவந்து விட ஆள் உள்ள பிள்ளை. ஜனவரியிலேயே காய்ச்சலில் ஒரு நாள் விழுந்துவிட்ட பிள்ளைக்கு மிச்ச ஆண்டு முழுக்க அந்தப் பரிசு இல்லை. கிண்ணத்துக்காகக் காய்ச்சலோடு வந்து வகுப்பில் படுத்துக் கிடந்த பிள்ளையையும் பார்த்திருக்கிறேன். போன தவணை 14 நாள் விட்டு இந்தத் தவணை 5 நாள் மட்டும் விட்ட பிள்ளையைக் காலைக் கூட்டத்தில் முன்னுக்குக் கூப்பிட்டுக் கைதட்டுங்கள். மாறியிருப்பது அந்த வீடு.

வீட்டில் பார்க்க வேண்டியது முதலில் இரவு. ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு 9 மணித்தியாலத்துக்குக் குறையாத நித்திரை வேண்டும். காலை 5.45 க்கு எழும்ப வேண்டுமென்றால் இரவு எட்டேமுக்காலுக்குப் படுத்திருக்க வேண்டும், நாடகம் முடிய, போன் சார்ச் இறங்க என்று பத்தரை ஆக்கிவிட்டுக் காலையில் அடித்து எழுப்புவது பிள்ளைக்குச் செய்யும் கொடுமை. சீருடை, சப்பாத்து, தண்ணீர்ப் போத்தல், அடுத்த நாள் கொப்பி, எல்லாம் இரவே கதிரையில் இருக்கட்டும். ஒற்றைச் சொக்ஸைத் தேடித்தான் பாதிக் காலை போகிறது.

எனக்கு அதிகம் வயிறெரிவது தரம் 5 ஐ நினைத்துத்தான். புலமைப்பரிசில் பரீட்சைக்கு முதல் சில வாரங்கள் "வீட்டில இருந்து படிக்கட்டும்" என்று பிள்ளையை மறிப்பார்கள், மிச்சத்துக்குப் பின்னேரமும் சனி ஞாயிறும் ரியூசன், பிள்ளை களைத்துப்போய் முதல் பாடத்தில் தூங்கும். பரீட்சை முடிந்ததும் இன்னும் மோசம். இனி என்ன இருக்கு என்று ஆண்டு முடியும் வரைக்கும் வகுப்பில் பாதி வாங்கு வெறுமை. ஆனால் தரம் 5 இன் பாடம் பரீட்சையோடு முடிவதில்லை, அடுத்த ஆண்டு தரம் 6 இல் பாடத்துக்கு ஒரு ஆசிரியர், தடித்த புத்தகங்கள், விஞ்ஞானம், வரலாறு என்று எல்லாம் புதிதாக வந்து விழும். உண்மையில் பரீட்சைக்குப் பிறகு வரும் அந்த வாரங்கள்தான் ஆசிரியருக்கும் பிள்ளைக்கும் மூச்சுவிட்டுப் படிக்கக் கிடைக்கும் நேரம், வாசிப்பில் பின்தங்கிய பிள்ளையைப் பக்கத்தில் வைத்துத் தூக்கிவிடக்கூடிய ஒரே நேரமும் அதுதான். நாங்களும் அந்த வாரங்களில் வகுப்பில் ஒன்றும் நடத்தாமல் இருந்தால் பெற்றார் அனுப்பாமல் விடுவதில் பிழை சொல்ல முடியாது.

ஆசிரியர்கள் பக்கத்தையும் மறைக்கக்கூடாது. தூரப் பாடசாலைகளுக்கு நகரத்திலிருந்தும் மட்டக்களப்புப் பக்கத்திலிருந்தும் பஸ்ஸில் வருபவர்கள் நாங்கள். பஸ் பிந்தினால் நாங்களும் பிந்துகிறோம், சில இடங்களில் எட்டு மணிக்குத்தான் வகுப்பு தொடங்கும் என்பது ஊருக்கே தெரிந்துபோய்விடும், பிறகு ஏன் 7.30 க்குப் பிள்ளை வர வேண்டும்? பஸ் நேரத்தை மாற்றித்தரச் சொல்லி டிப்போவுக்கு எழுதுவதும், ஒரு சில ஆசிரியராவது ஊரிலேயே தங்க விடுதி கேட்பதும் பாடசாலை அபிவிருத்திக் குழு கையில் எடுக்க வேண்டிய வேலை. அதுவரைக்கும் முதல் பாடத்தை நம்பி வந்த பிள்ளையைப் பார்த்துக்கொள்ள, நேரத்துக்கு வரக்கூடிய ஒருவரையாவது ஒவ்வொரு நாளும் முறைவைத்து நிறுத்த வேண்டும்.

அடுத்த தவணைக் கூட்டத்துக்குப் போகும்போது புள்ளி அட்டையைப் பார்க்க முதல் வகுப்பாசிரியரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். பிள்ளை எத்தனை நாள் வரேல்ல, எந்தெந்தக் கிழமை, அந்த நாட்களில் என்ன படிப்பிச்சது. மூன்றாவதுக்குப் பதில் சொல்ல அவர் தன் பாடக்குறிப்புக் கொப்பியைத் திறக்க வேண்டி வரும். திறக்கட்டும், பக்கத்தில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, விட்டுப்போனதைத் திகதி திகதியாக எழுதிக்கொண்டு போங்கள்.